இருபத்திரண்டு யூனிட்

தம்புச் செட்டித் தெருவில் வெயில் தரைக்கு வர
பதினோரு மணியாகும்.
அதற்குள் மெர்வின் சேம்பர்ஸை முடித்துவிடுவேன்.
படிக்கட்டுக்கு அடியில் முப்பத்தொரு மீட்டர்கள்,
புறா இறகு, எலிப்புழுக்கை,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
எண்களைத் தட்டுவேன்.
போன தடவை எதுவோ அதுவே.
அதுவே.
அதுவே.

ஓடாத மீட்டருக்கும் பில் உண்டு,
குறைந்தபட்சம் என்று ஒரு தொகை.
இருப்பதற்கான கட்டணம் என்று
நான் சொல்லிக்கொள்வேன்.

மீட்டருக்கு மேலே பெயிண்டில் பெயர்கள்:
ஸீகல் ஷிப்பிங்.
பத்மநாபா அண்ட் சன்ஸ், சணல்.
அலைடு ரிப்பன் கம்பெனி. பாதி உரிந்து
'அலை' மட்டும் மிச்சம்.
துறைமுகம் இரண்டு தெரு தள்ளி,
இங்கே வந்து நின்றுவிட்டது.

எங்கே போனார்கள் என்றால்
துரைப்பாக்கத்துக் கண்ணாடிக்கு என்பான்
கேட்டில் டீ விற்கும் முனிரத்தினம்.
காட்டுப்பள்ளிக்கு என்பான்.
ஒருத்தர் ஆபீஸ் மொத்தமும்
ஒரு செல்போனுக்குள் போய்விட்டது என்பான்.
மூணாவது மாடிக்கு மட்டும் நாற்பத்திரண்டு கிளாஸ்
தினம் இரண்டு வேளை.
இப்போது லிஃப்ட் கூண்டில்
அவனுடைய காலி பால் டப்பாக்கள் ஏறி நிற்கின்றன,
எந்த மாடிக்கும் போகாமல்.

பத்தொன்பதாம் நம்பர் மட்டும் ஓடியது.
இருபத்திரண்டு யூனிட்.
இரண்டு மாதம் கழித்தும் இருபத்திரண்டு.
அதற்கடுத்தும்.
மனுஷன் புழங்கினால் எண் கோணும்,
மழைக்குக் குறையும், சித்திரைக்கு எகிறும்.
இப்படி நேர்க்கோட்டில் வந்தால்
'மீட்டர் பழுது' என்று எழுத வேண்டும்.
எழுதுமுன் பார்த்துவிடலாமென்று ஏறினேன்.

திருப்பத்துக்குத் திருப்பம்
சுவர் மூலையில் சாமி டைல்கள்.
பிள்ளையார், ஏசு, மெக்கா.
வெற்றிலை துப்பாமலிருக்க ஒட்டியது.
துப்ப ஆளில்லை.
அவர்கள் இன்னும் காவலில்.

மூன்றாவது மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது.
நாற்பது மேஜை போடும் ஹாலில்
ஒரே மேஜை, ஒரே ஃபேன்,
அடியில் ஒரு பெண், குரூப் ஃபோர் கைடு.
"ஈ.பி.யா? வாங்கக்கா. பேர் ஷாகிரா."

"கம்பெனி எங்க?"
"இல்லக்கா. கேஸ்தான் இருக்கு.
ஆள் இல்லன்னு ஆயிடுச்சுன்னா
ஓனர் காலி பண்ண வச்சிடுவாராம்.
அதுக்குத்தான் நானு.
பத்து மணிக்கு வந்து ஃபேனைப் போடணும்,
ஒரு மணிக்கு நிறுத்தணும்.
பில்லுதான் சாட்சின்னாரு வக்கீல்.
இருபத்திரண்டு போதுமாம்,
மேல போனா என் சம்பளத்துல பிடிப்பாரு."

ஜன்னலில் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரம்.
பதினாறு வருஷமாக அங்கே ஓடுகிற வழக்குக்கு
இங்கே காற்று வீசிக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிஷம் ஃபேனடியில் நின்றேன்.
கழுத்தில் வேர்வை ஆறியது.
காலி நாற்காலிகளின் தடம் தரையில்
வட்ட வட்டமாக,
தினமும் யாரோ கிளாஸ் வைத்து எடுத்த மாதிரி.

"உங்க வேலைக்கு எப்பக்கா ஆள் எடுப்பாங்க?"

தன் எண்ணைத் தானே ஆபீசுக்குச் சொல்லும் மீட்டர்
வரப்போகிறதென்று
போன வாரம்தான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.
மாட்டியபின் யாரும் படியேற வேண்டாமாம்.
"தெரியலம்மா" என்றேன்.
'பழுது' என்று எழுதவில்லை.

அடுத்த தடவை டார்ச் வெளிச்சத்தில் முப்பத்தொன்று.
துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். முப்பத்தொன்றுதான்.
பரீட்சை அடுத்த ஞாயிறு என்றான் முனிரத்தினம்,
பாப்பா ஏழு மணி வரைக்கும் இருக்குது,
தெருவிலேயே அந்த ஒரு ஜன்னல்தான் எரியுது,
ராத்திரிக்கு ஒரு டீ போகுது மேலே.

இருபத்திரண்டு வழக்கின் கணக்கு.
மிச்சம் ஒன்பது யாருடையது என்று
கையிலிருந்த மெஷின் கேட்கவில்லை.
தட்டினேன்.
சீட்டு சூடாக வெளியே வந்தது.